தையல் மேசைக்கு ஒரு சின்னத் துணிக் கூடை: எந்த மாதிரியைத் தைப்பது?

ஒரு தலையணை உறையைத் தைத்து முடித்துவிட்டு எழுந்து பாருங்கள். துண்டு நூல்கள் மடியில் கிடக்கும், உடையில் ஒட்டியிருக்கும், காலோடு கூடவே அடுத்த அறை வரைக்கும் போயிருக்கும். ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டிரண்டு முனைகள்: மேல்நூல் ஒன்று, பாபின் (கீழ்நூல் சுற்றிய சின்ன உருளை) நூல் ஒன்று. பத்துத் தையல் போட்டால் நாற்பது துணுக்குகள். இது போக ஓரம் வெட்டிய பிசிறு, மூலை கத்தரித்த முக்கோணங்கள், பிரித்த தையலின் நூல் குச்சிகள். அவற்றை ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் குப்பையில் போடுகிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

தைக்கத் தெரிந்தவருக்கு உடனே தோன்றுவது, இதற்கென்று ஒரு சின்னத் துணிக் கூடையைத் தைத்துக்கொள்ளலாமே என்பதுதான். ஒரு மாலை நேர வேலை, மிச்சத் துணியே போதும். ஆனால் எந்த மாதிரி என்று யோசிக்கத் தொடங்கினால் தலை சுற்றும். சதுர அடி வைத்தது, வட்ட அடி வைத்தது, மேசை ஓரத்தில் தொங்குவது, கயிற்றைச் சுற்றிச் சுற்றித் தைத்தது, மூலைகளில் பட்டன் போட்டால் தட்டாகும் மடக்குத் துணி என்று முக்கியமாக ஐந்து வகை. ஐந்தையும் தைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டை இரண்டு முறை தைத்தேன், முதல் முறை சொதப்பியதால்.

முதலில் வாயைப் பாருங்கள்

பாத்திரத்துக்கு வாய், கழுத்து, அடி என்று சொல்வோமே, துணிக் கூடைக்கும் அதே கணக்குதான். பெரும்பாலோர் வெளித்துணியின் அழகைப் பார்த்து மாதிரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் வாயைத்தான் பார்ப்பேன். தைக்கும்போது கண் ஊசியின் மேலேயே இருக்கும். கை மட்டும் தானாகப் போய் நூலைப் போட்டுவிட்டு வர வேண்டும். வாய் சுருங்கியோ சாய்ந்தோ இருந்தால் கை தடுமாறும், கண் திரும்பும், தையல் கோணும். நாலு நாளில் கை பழையபடி மேசை ஓரத்திலேயே நூலைப் போட ஆரம்பித்துவிடும். கூடை அலங்காரமாக உட்கார்ந்திருக்கும்.

வாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். விரல்களைக் குவித்து நுழைத்தால் எங்கும் இடிக்கக் கூடாது. அதற்கு 10 சென்டிமீட்டராவது குறுக்களவு வேண்டும். 12 இருந்தால் இன்னும் நிம்மதி. துணிக்கு இது எளிதில் வராத குணம். டப்பாவின் வாய் தானாகத் திறந்திருக்கும்; துணியின் வாயை நாம்தான் ஏதாவது செய்து திறந்து வைக்க வேண்டும். இந்த ஐந்து வகையும் அதை ஐந்து விதமாகச் செய்கின்றன. வித்தியாசமே அங்கேதான்.

அப்புறம், கூடைக்குள் என்ன போகப் போகிறது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நூல் குப்பைக்கா, அல்லது கிளிப், பாபின், இஞ்ச் டேப், சாக்பீஸ் வைக்கவா? இரண்டுக்கும் ஒரே கூடை என்றால், ஒரு நாள் குப்பையோடு சேர்ந்து பாபினும் போய்விடும். குப்பைக்கு ஆழம் வேண்டும், சாமானுக்கு ஆழம் கூடாது. உடைந்த ஊசியும் வளைந்த குண்டூசியும் எந்தத் துணிக் கூடைக்குள்ளும் போகக் கூடாது. அவற்றுக்கு மூடியுள்ள கெட்டியான சின்ன டப்பா ஒன்று தனியாக இருக்கட்டும். கூடையைக் கவிழ்த்துக் கையால் வழிக்கும்போதுதான் அது ஏன் என்று தெரியும்.

சதுர அடிக் கூடை

முதல் தடவை தைப்பவர் இதைத்தான் தைக்க வேண்டும் என்பது என் கட்சி. நேர்க்கோட்டுத் தையல் மட்டும்தான், கணக்கும் சுத்தமாக வரும், தப்பாகப் போனாலும் பிரித்துத் தைக்கலாம்.

வெளித்துணி இரண்டு துண்டு, உள்துணி இரண்டு துண்டு. கீழ் மூலைகள் இரண்டிலும் சின்னச் சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பக்கங்களையும் அடியையும் தைத்து, பிறகு அந்தச் சதுர ஓட்டையை எதிர்த்திசையில் தட்டையாக இழுத்துத் தைத்தால் பெட்டி போல அடி விரியும். வெட்ட வேண்டிய அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. துண்டின் அகலம் என்பது அடியின் நீளம், அடியின் அகலம், இரண்டு பக்கத் தையல் பிடிப்பு (தையல் கோட்டுக்கு வெளியே விடும் ஓரத் துணி) ஆகியவற்றின் கூட்டுத்தொகை. துண்டின் உயரம் என்பது கூடையின் உயரம், அடியின் அகலத்தில் பாதி, மேலும் கீழும் தையல் பிடிப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அடி 10க்கு 10, உயரம் 14, பிடிப்பு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு துண்டும் 22 அகலம், 21 உயரம். மூலையில் வெட்டும் சதுரம் 5க்கு 5, அதாவது அடி அகலத்தில் சரிபாதி.

அந்தச் சதுரத்தை அளக்கும்போது பலருக்கும் குழப்பம் வரும். துணியின் வெட்டு விளிம்பிலிருந்து அளப்பதா, தையல் கோட்டிலிருந்து அளப்பதா? எல்லாத் தையலுக்கும் ஒரே பிடிப்பு விட்டால் வெட்டு விளிம்பிலிருந்தே 5 அளந்து வெட்டலாம், கணக்கு சரியாக வந்துவிடும். ஆனால் இரண்டு துண்டாக வெட்டாமல் ஒரே நீளத் துணியை நடுவில் மடித்து, மடிப்பையே அடியாக வைத்தால் கணக்கு மாறும். அங்கே அடித் தையல் இல்லை, பிடிப்பும் இல்லை. ஆகவே பக்கத்திலிருந்து 5, மடிப்பிலிருந்து 4 என்று வெட்ட வேண்டும். இது தெரியாமல் 5க்கு 5 வெட்டினால் ஒட்ட வேண்டிய இரண்டு விளிம்பும் பொருந்தாமல் ஒன்று நீளும். என் இரண்டாவது கூடையில் ஒரு மூலை கொசுவியதற்கு இதுதான் காரணம். கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆனது.

உயரம் 14 எதற்கு என்று கேட்கலாம். 14 உயரத்தில் நிறுத்தி வைக்க அல்ல. மேலே 4 சென்டிமீட்டரை வெளிப்பக்கம் மடித்துவிட வேண்டும். மிச்சம் 10 உயரம், அடியும் 10, எனவே கவிழாது. அந்த மடிப்புதான் இந்தக் கூடையின் உயிர். அங்கே துணி நாலு அடுக்காகிறது, மடிப்புக் கோடு ஒரு வளையம் போல நின்று வாயைத் திறந்து வைக்கிறது. உள்துணியின் நிறமும் வெளியே தெரியும். மடிப்பு இல்லாத கூடை தைத்த அன்றைக்கு நிமிர்ந்து நிற்கும், ஒரு வாரத்தில் உதடு தொங்கிவிடும்.

உள்துணிப் பையை வெளிப்பையின் அளவிலேயே வெட்டுங்கள். ஆனால் தைக்கும்போது பக்கங்களிலும் அடியிலும் 2 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே தள்ளித் தையுங்கள். உள்ளே உட்காருவது வெளியே இருப்பதைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால்தான் சுருங்காமல் படியும். வாயருகே வரும்போது மட்டும் பழைய பிடிப்புக்குத் திரும்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வாயும் பொருந்தாது. உள்துணியின் அடித் தையலில் 8 சென்டிமீட்டர் திறப்பு விட்டு, இரண்டு பைகளையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, வாயைச் சுற்றித் தைத்து, அந்தத் திறப்பு வழியாகப் புரட்டினால் முடிந்தது. திறப்பைக் கையால் மூடலாம். விளிம்பை மடித்து மெஷினிலேயே ஓட்டிவிட்டாலும் யாரும் உள்ளே தலையை விட்டுப் பார்க்கப் போவதில்லை.

வாயைச் சுற்றி மேல்தையல் போடும் இடத்தில்தான் மெஷின் முனகும். அங்கே துணி ஏற்கெனவே நாலு அடுக்கு. பக்கத் தையல் வரும் இடத்தில் பிடிப்பைத் திறந்து இருபுறமும் இஸ்திரி போட்டிருந்தால் எட்டு அடுக்கு. ஒரே பக்கம் சாய்த்திருந்தால் பன்னிரண்டு. பெரிதாகத் தெரியாத இந்தச் சின்ன இஸ்திரி வேலைதான் ஊசி உடைவதற்கும் உடையாததற்கும் நடுவில் நிற்கிறது. தடித்த இடத்தில் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம்) முன்னால் தூக்கிக்கொண்டு நகர மறுத்தால், ஒரு துண்டுத் துணியை அதே தடிமனுக்கு மடித்து ஃபுட்டின் பின்பகுதிக்கு அடியில் வைத்துச் சமப்படுத்துங்கள். மெஷின் தானாக ஏறிவிடும்.

உள்ளே எதை வைத்து விறைப்பாக்குவது?

சதுரமோ வட்டமோ, துணி மட்டும் போதாது. சாதாரணப் பருத்தித் துணி சதுர மீட்டருக்கு 140, 150 கிராம்தான் இருக்கும். இரண்டு அடுக்கு சேர்ந்தாலும் துவளும். கெட்டி கேன்வாஸ் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். வெளித்துணியே கேன்வாஸாகவோ பழைய ஜீன்ஸாகவோ இருந்தால் வேறு எதுவும் வைக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது பழைய ஜீன்ஸ்தான். தொடைப் பகுதித் துணி பல முறை துவைத்துச் சுருங்க வேண்டிய அளவு சுருங்கியிருக்கும், மடிப்பும் அழகாக உட்காரும்.

மெல்லிய துணிதான் வேண்டும் என்றால் காலருக்கு ஒட்டும் கேன்வாஸை (மேலே சொன்ன கெட்டித் துணி அல்ல, இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) ஒட்டலாம். ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஆறும்வரை தொடாதீர்கள், சூட்டோடு வளைத்தால் குமிழ் வரும். தையல் பிடிப்பு வரும் ஓரங்களில் கேன்வாஸை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினால் மூலை தடிக்காது. கழுத்து மடியும் கோட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அப்போதுதான் மடிப்பு முரண்டு பிடிக்காது.

பஞ்சு விரிப்பு வைத்தால் கூடைக்கு உடம்பு வரும், விறைப்பு வராது. தொட்டால் மெத்தென்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வாய் மெதுவாக உள்ளே சாயும். ஃபோம் வைத்தால் பிரமாதமாக நிமிர்ந்து நிற்கும். ஆனால் புரட்டுவது ஒரு மல்யுத்தம். 8 சென்டிமீட்டர் திறப்பு வழியாக ஃபோம் வைத்த பையை இழுத்தால் திறப்பே கிழியும். ஃபோம் என்று முடிவு செய்தால் புரட்டும் முறையை விட்டுவிடுங்கள். உள்பையை வெளிப்பைக்குள் இறக்கி, வாய் விளிம்பைக் கிராஸ் துணிப் பட்டியால் (சாய்வாக வெட்டிய பட்டி) சுற்றி மூடுங்கள். பக்ரம் (விறைப்பேற்றிய முரட்டுத் துணி) தைக்கும்போது நன்றாக நிற்கும். கஞ்சியால் விறைத்ததாக இருந்தால் ஒரு தடவை தண்ணீர் பட்டாலே போச்சு. அட்டை வைக்கும் யோசனை எல்லோருக்கும் ஒரு முறை வரும். அடியில் மட்டும், வெளியே எடுக்கக்கூடிய மாதிரி வைத்தால் சரி. சுவரில் தைத்து மூடிவிட்டால் அந்தக் கூடையைத் துவைக்கவே முடியாது.

வட்ட அடிக் கூடை

பார்க்க எல்லாவற்றையும்விட அழகு இதுதான். மேசையில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரி இருக்கும், மூலையில் நூல் சிக்காது. நான் முதலில் தைத்ததும் இதைத்தான். அதனால்தான் முதலில் இதைத் தைக்காதீர்கள் என்கிறேன்.

வட்டத்தின் குறுக்களவு 12 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 37.7. பக்கச் சுவர்த் துணி அந்த நீளத்தோடு பிடிப்பு 2 சேர்த்து 39.7 வெட்ட வேண்டும். அடி வட்டத்தைப் பிடிப்போடு 14 குறுக்களவாக வெட்ட வேண்டும். காகிதத்தில் எளிதான கணக்கு. சிக்கல் தையலில் வருகிறது. வட்டத்தைச் சுற்றித் தைக்கும்போது உங்கள் பிடிப்பு 1 மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ வட்டத்தின் சுற்றளவு 6 மில்லிமீட்டருக்கு மேல் மாறிவிடும். சதுரக் கூடையில் யாரும் கவனிக்காத அந்த ஒரு மில்லிமீட்டர் இங்கே ஒரு கொசுவமாக எழுந்து நிற்கும்.

போதாதற்கு, தையல் கோட்டில் இரண்டும் ஒரே நீளம் என்றாலும் வெட்டு விளிம்பில் அப்படி இல்லை. அடி வட்டத்தின் விளிம்பு 44 சென்டிமீட்டர் இருக்கும், சுவரின் விளிம்பு 37.7 தான். ஆகவே சுவர்த்துணியின் கீழ் விளிம்பை 1 சென்டிமீட்டருக்கு ஒரு முறை கத்தரியால் கீறிவிட வேண்டும், தையல் கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் முன்பே நிறுத்தி. வட்டத்தையும் சுவரையும் நான்காகவோ எட்டாகவோ மடித்துக் குறியிட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, கீறிய சுவர்த்துணி மேலே இருக்கும்படி வைத்து மெதுவாகத் தைத்தால் நன்றாகவே வரும். நான் கீறவில்லை. குறியும் இடவில்லை. இழுத்துப் பிடித்துத் தைத்துவிடலாம் என்ற துணிச்சல். அடியில் மூன்று கொசுவம், சுற்றி வந்து சேரும் இடத்தில் ஒரு விரல் அளவுக்கு மிச்சத் துணி. அதை மடித்து உள்ளே தள்ளி மறைத்தேன். கூடை இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

வாய் விஷயத்தில் வட்டத்துக்கு ஒரு நன்மை உண்டு. வளைந்த சுவர் தட்டையான சுவரைவிட எளிதில் உள்ளே மடியாது, அதனால் கேன்வாஸ் துணி என்றால் மடிப்பே இல்லாமலும் வாய் திறந்திருக்கும். உள்துணி, வெளித்துணி இரண்டுக்கும் வட்டம் தைக்க வேண்டும், அதாவது மேலே சொன்ன அவஸ்தை இரண்டு மடங்கு. ஒரு சதுரக் கூடை தைக்கும் நேரத்தைப்போல் இரண்டு பங்காவது பிடிக்கும்.

தொங்கும் பை

மேசையில் இடமே இல்லாதவர்களுக்கு இதுதான் பதில். மேசை மேல் ஒரு கனமான சின்னத் திண்டு, அதிலிருந்து ஒரு துணிப்பட்டி விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும், அதன் நுனியில் வாய் திறந்த பை. திண்டே குண்டூசி குத்தும் மெத்தையாகவும் ஆகிவிடுவதால் ஒரு பொருளில் இரண்டு வேலை. நூலை வெட்டிய கை மேசையிலிருந்து சற்றே வெளியே போனால் போதும், துணுக்கு தானாகப் பைக்குள் விழும். ஓரத்தில் வெட்டிக் குவிந்த பிசிறையும் கையால் மேசை விளிம்புவரை தள்ளி அப்படியே உள்ளே இறக்கலாம். மேசை மேல் நிற்கும் எந்தக் கூடையும் இந்த வசதியைத் தராது.

சரி, இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் இதையே தைக்க வேண்டியதுதானே? இரண்டு இடத்தில் இது ஏமாற்றும்.

ஒன்று எடை. திண்டில் வெறும் பஞ்சு அடைத்தால் பை திண்டையும் இழுத்துக்கொண்டு தரையில் விழும். மணல் அடைக்க வேண்டும். உலர்ந்த மணல் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம். 10 நீளம், 8 அகலம், இரண்டரை சென்டிமீட்டர் உயரம் உள்ள திண்டு 200 கன சென்டிமீட்டர், அதாவது 300 கிராம். நூலுக்கும் பிசிறுக்கும் இது தாராளம். மணலைக் கழுவி நன்றாகக் காயவைத்து, நெருக்கமாக நெய்த தனி உறையில் அடைத்து, இரண்டு வரிசைத் தையல் போட்டு, பிறகுதான் வெளி உறைக்குள் வைக்க வேண்டும். ஒற்றை உறையில் அடைத்தால் ஊசி குத்தக் குத்த மேசையெல்லாம் மணல் பொடி. மேல்பக்கத்தில் மட்டும் ஒரு அடுக்குப் பஞ்சு வைத்தால் குண்டூசி இதமாக இறங்கும். மணலுக்குப் பதில் தானியம் அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எடை குறைவு, பூச்சியும் வரும். திண்டின் அடியில் மேசை விரிப்பின் கீழே போடும் ரப்பர் வலைத் துண்டு ஒன்றைத் தைத்துவிட்டால் மெஷின் அதிர்விலும் நகராது.

நான் தைத்த முதல் தொங்கும் பை விழுந்ததற்குக் காரணம் நூல் அல்ல, கத்தரி. கை பழகிப்போய் ஒரு நாள் கத்தரியையும் அதில் போட்டுவிட்டேன். இரவில் தொம்மென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் கத்தரியின் முனை வளைந்து கிடந்தது. இரண்டாவது முறை தைத்தபோது திண்டைப் பெரிதாக்கவில்லை. பையின் வாயைத்தான் சிறிதாக்கினேன். 10 சென்டிமீட்டர் வாயில் பெரிய கத்தரி கிடைமட்டமாக நுழையாது, கை தானாகவே நின்றுவிடும்.

இரண்டாவது ஏமாற்றம் வாய். தொங்கும் துணிக்கு வாயை மூடிக்கொள்வதுதான் இயல்பு, ஏனென்றால் அதை ஒரே பக்கத்திலிருந்து தூக்கிப் பிடிக்கிறோம். உள்ளே ஏதாவது வளையம் வைத்தே ஆக வேண்டும். வாய் விளிம்பில் 2 சென்டிமீட்டர் அகலக் குழாய் மாதிரி மடித்துத் தைத்து, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டையை நுழைத்தால் போதும். பெரிய அட்டைப் பெட்டிகளைச் சுற்றிக் கட்டி வரும் பட்டை அருமையாக உதவும். இரண்டு சுற்று சுற்றி, முனைகளை உருட்டி வெட்டி, ஒட்டும் நாடாவால் சேர்த்துவிடுங்கள். குழாயில் ஒரு சின்னத் திறப்பை அப்படியே விட்டுவைத்தால் துவைக்கும்போது பட்டையை உருவி எடுக்கலாம்.

அப்புறம் வீட்டு நிலவரத்தையும் பாருங்கள். தவழும் குழந்தையோ துள்ளும் பூனையோ இருந்தால் தொங்குகிற எதுவும் இழுக்கப்படும், கூடவே குண்டூசி குத்திய திண்டும் வரும். அங்கே இந்த வகையே வேண்டாம். மேசைக்கு முன்பக்க இழுப்பறை இருந்தாலும் பட்டி அதை மறிக்கும். இடது கையால் நூல் வெட்டுபவர் இடப்பக்கம் தொங்கவிட வேண்டும். கடைசியில் சொன்னாலும் இது முக்கியம், தவறான பக்கத்தில் தொங்கும் பை இல்லாததற்குச் சமம்.

கயிற்றுக் கிண்ணம்

பருத்திக் கயிற்றை நத்தை ஓடு போலச் சுருட்டி, பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளை ஜிக்ஜாக் தையலால் இணைத்துக்கொண்டே போவது. உள்துணி கிடையாது, கேன்வாஸ் கிடையாது, புரட்டுவது கிடையாது. கயிறே சுவர், கயிறே விறைப்பு. வாய் விஷயத்தில் ஐந்திலும் முதல் மதிப்பெண் இதற்குத்தான். எவ்வளவு உபயோகித்தாலும் வாய் திறந்தே இருக்கும்.

6 மில்லிமீட்டர் கயிறு என்றால் 10 சென்டிமீட்டர் அடிக்கு ஒன்றேகால் மீட்டருக்கு மேல் போகும். 7 சென்டிமீட்டர் உயரச் சுவருக்குப் பன்னிரண்டு சுற்று. வாய் சற்று அகலமாக விரிந்தால் எல்லாம் சேர்த்து ஆறு மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஜிக்ஜாக்கின் அகலம் 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், ஊசி இரண்டு கயிற்றிலும் மாறி மாறி இறங்க வேண்டும். ஊசி 100 எண் நல்லது. அந்த எண் ஊசித் தண்டின் தடிமன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக எழுதியது; 100 என்றால் 1 மில்லிமீட்டர். பாபின் நூல் நடுவில் தீரும் என்று எதிர்பார்த்து இரண்டைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடி போதுமான அளவு வந்ததும் தட்டை மெஷினின் உடம்போடு சாய்த்துத் தூக்கிப் பிடித்துத் தைத்தால் சுவர் எழும்பத் தொடங்கும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு செங்குத்து. அந்தக் கணம் ஒரு சின்ன மாயம் மாதிரி இருக்கும், அதற்காகவே ஒரு முறை தைத்துப் பார்க்கலாம்.

குறை என்னவென்றால், கயிற்றின் சொரசொரப்பில் நூல் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்துத் தட்டினாலும் பாதி உள்ளேயே நிற்கும். ஆகவே குப்பைக்கு இது வேண்டாம், கிளிப், பாபின், சாக்பீஸ் வைக்க நல்லது. ஜிக்ஜாக் இல்லாத, நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி திறக்காது. கையால் சுற்றித் தைக்கலாம், ஆனால் அது வேறு பொறுமை.

மடக்குத் தட்டு

24க்கு 24 சென்டிமீட்டர் சதுரம், உள்ளே விறைப்பான கேன்வாஸ். நாலு மூலையிலும் துணியைக் கிள்ளி ஒரு டிச் பட்டனால் பிடித்தால் 5 சென்டிமீட்டர் சுவரும் 14 சென்டிமீட்டர் அடியும் உள்ள தட்டு. பட்டனைக் கழற்றினால் தட்டைத் துணி, பைக்குள் வைத்து எடுத்துப் போகலாம். வகுப்புக்குப் போய்த் தைப்பவர்களுக்கும் சாப்பாட்டு மேசையில் தைத்துவிட்டு ஒழித்து வைக்க வேண்டியவர்களுக்கும் இது வரம். வாய்தான் மொத்தத் தட்டே, ஆகவே அந்தப் பேச்சே இல்லை. ஆனால் மின்விசிறி சுற்றினால் நூல் துணுக்கு பறக்கும். கைவேலைச் சாமானுக்கு மட்டும்.

உள்துணியைப் பற்றி ஒரு வார்த்தை

எந்த வகையானாலும் உள்ளே வழவழப்பான, நெருக்கமாக நெய்த, வெளிர் நிறத் துணி. வழவழப்பு எதற்கென்றால் கவிழ்த்தால் நூல் உதிர வேண்டும். வெல்வெட், ஃபிளானல் மாதிரி ரோமம் உள்ள துணி போட்டால் சீப்பு வைத்துத்தான் எடுக்க வேண்டும். வெளிர் நிறம் எதற்கென்றால், தவறி விழுந்த பாபினும் ஊசியும் கண்ணில் பட வேண்டும். கறுப்பு உள்துணிக்குள் தையல் பிரிக்கும் கருவியைத் தேடிக் குத்திக்கொண்ட விரல் என்னுடையது. புதுப் பருத்தித் துணி என்றால் வெட்டும் முன் ஒரு முறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். உள்துணி மட்டும் பின்னால் சுருங்கினால் கூடையின் வாய்தான் முதலில் உள்ளே இழுக்கும்.

அப்படியானால் எது?

மேசையில் கையளவு இடம் இருந்து, இதுவரை எதையும் தைத்ததில்லை என்றால் சதுர அடி, ஜீன்ஸ் வெளித்துணி, 4 சென்டிமீட்டர் மடிப்பு. யோசிக்கவே வேண்டாம். இடமில்லை, குழந்தையும் பூனையும் இல்லை என்றால் தொங்கும் பை. அதிகமாகத் தைப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு: குப்பைக்குத் தொங்கும் பை, சாமானுக்குக் கயிற்றுக் கிண்ணம். ஒன்று ஆழம், ஒன்று ஆழமில்லாதது, ஒன்று கீழே, ஒன்று மேலே. கை குழம்பவே குழம்பாது. துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே பிசிறு வராமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு இந்த அளவெல்லாம் போதாது. அது துப்பும் பிசிறுக்குச் சதுரக் கூடையையே இரண்டு மடங்கு அகலமாக வெட்டி, கத்தி இருக்கும் பக்கத்தில் வாயை விளிம்போடு விளிம்பாக வைக்க வேண்டும்.

யாருக்காவது பரிசு கொடுப்பதற்கு என்றால் மட்டும் வட்ட அடி. அதற்கு முன் ஒரு பழைய துணியில் ஒத்திகை பாருங்கள். அந்த முதல் வட்டக் கூடையை நான் தூக்கிப் போடவில்லை. உள்ளே மீந்துபோன ஜிப்களைச் சுருட்டி வைத்து அலமாரியில் தள்ளியிருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு முறைதான் திறப்பேன், அதன் வாய் எப்படி இருந்தால் என்ன.